எளிய வரவேற்பறைக்கு எந்த ரிசீவர்: ஒன்பது சேனலும் 150 வாட்டும் வேண்டுமா?

கேள்வி, ஜனவரி 11, காலை 10.20

எங்கள் வரவேற்பறை ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்டது. நீளமான சுவரில் டிவி இருக்கிறது. அதனுடன் ஒரு செட்டாப் பாக்ஸ், ஒரு கேம் கன்சோல். இதுவரை டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்டு வந்தோம். சண்டைக் காட்சி வந்தால் வீடே அதிர்கிறது, பேச்சு மட்டும் புரிவதில்லை. ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ் ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் வாங்க முடிவு செய்துவிட்டோம். அவற்றுக்கெல்லாம் ஒலியைப் பிரித்து, ஆற்றலூட்டித் தரும் பெட்டியான ரிசீவர் மட்டும்தான் முடிவாகவில்லை. ஒன்பது சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்று), சேனலுக்கு 150 வாட் என்றுள்ள மாடலை எடுத்தால்தான் பிற்பாடு வருந்த வேண்டியிருக்காது என்று கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்கள். ஐந்து ஸ்பீக்கருக்கு ஒன்பது சேனல் எதற்கு? 150 வாட் உண்மையிலேயே தேவையா?

பதில், ஜனவரி 11, இரவு 9.15

வாட்டிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியின் மேல் மிகப் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது அதுதான், முடிவெடுக்க மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது என்று அந்த வரி சொன்னால், ஒரே ஸ்பீக்கருக்கு, ஒரே அதிர்வெண்ணில், காதுக்குச் சகிக்காத அளவுக்கு ஒலி சிதைந்த நிலையில் எடுத்த அளவு அது என்று பொருள். அதே ரிசீவரின் விவரக்குறிப்பில் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதத்தை ஒட்டிய சிதைவு, இரண்டு சேனல்கள் இயங்கும்போது என்று இன்னொரு எண்ணும் பெரும்பாலும் இருக்கும். முதல் எண் 150 என்றால் இது 80 அல்லது 90 என்று இருப்பதில் வியப்பில்லை. இரண்டு மாடல்களை ஒப்பிடுவதானால் இந்த இரண்டாம் எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு தேவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அது 87 டெசிபெல் ஒலி தரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கின்படி ஒன்பதரை டெசிபெல் குறைந்து 77 அல்லது 78 கிடைக்கும். மூடிய அறையில் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியும் சேர்வதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெலை ஒட்டியது. ஆகவே ஒரே ஒரு வாட்டிலேயே நீங்கள் குரலை உயர்த்தித்தான் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டியிருக்கும்.

ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவைப்படும். 100 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 1.8 டெசிபெல்கூட முழுதாக இல்லை. வால்யூமை ஒரு சிறு திருகு திருகினால் வரும் வித்தியாசம் அது.

ஜனவரி 12, காலை 7.50

சேனல் எண்ணிக்கை. 5.1 என்றால் முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் அவற்றோடு தலைக்கு மேலே இரண்டு. சப்வூஃபர் தன் சொந்த ஆம்ப்ளிஃபயரைக் கொண்டே வருவதால் ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் சேனல்களில் அது ஒன்றையும் எடுத்துக்கொள்வதில்லை. எனவே 5.1க்கு ஐந்து சேனல் போதும், 5.1.2க்கு ஏழு வேண்டும். ஒன்பது சேனல் தேவைப்படுவது தலைக்கு மேல் நான்கு வைப்பவருக்கு, அல்லது முதுகுப்பக்கம் தனியாக இரண்டும் மேலே இரண்டும் வைப்பவருக்கு.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் வடிவங்களில் டால்பி அட்மாஸ் 2012 இல் திரையரங்குக்கும் 2014 இல் வீட்டுக்கும் வந்தது, டிடிஎஸ்:எக்ஸ் 2015 இல் வந்தது. இவை வந்தபின் மேலே ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஏதோ ஒலி விடுபட்டுப் போகும் என்ற அச்சம் பலருக்கு ஏற்பட்டிருக்கிறது. எதுவும் விடுபடாது. மேலிருந்து வர வேண்டிய ஒலியை ரிசீவர் இருக்கிற ஐந்து ஸ்பீக்கர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடும். உயரம் என்ற உணர்வுதான் கிடைக்காது.

ஏழு சேனலுக்கு மேல் உங்கள் அறைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். உறுதியாகச் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: சோஃபாவுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது?

ஜனவரி 12, மாலை 6.30

பதில் வருவதற்குள் எச்டிஎம்ஐ பற்றி.

டிவியின் பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு அருகில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதியிருக்கும். டிவியில் ஓடும் ஒலி அதே வயர் வழியாகத் திரும்பி ரிசீவருக்கு வருவதற்கான வழி அது. ஆர்க் 2009 இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்புடன் வந்தது, இ-ஆர்க் 2017 இல் 2.1 பதிப்புடன் வந்தது. ஆர்க் வழியே இரண்டு சேனல் சுருக்கப்படாத ஒலியும், சுருக்கப்பட்ட 5.1 ஒலியும் செல்லும். ஸ்ட்ரீமிங் சேவைகள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் ஒலியை அனுப்புகின்றன, அட்மாஸும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, அதைப் பெரும்பாலான டிவிகள் ஆர்க்கிலேயே கடத்திவிடும். இ-ஆர்க் தேவைப்படுவது டிஸ்க் பிளேயரின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய தரமிழக்காத ஒலி வடிவங்களுக்கும், கேம் கன்சோல் தரும் சுருக்கப்படாத பல சேனல் ஒலிக்கும். படத்துக்கும் பேச்சுக்கும் இடையே வரும் தாமதத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியும் இ-ஆர்க் தரத்தின் கட்டாயப் பகுதி. உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போவதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உங்களிடம் கன்சோல் இருப்பதால் ரிசீவரில் எச்டிஎம்ஐ 2.1 இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் இ-ஆர்க் வழியாக ரிசீவருக்குக் கொண்டுவந்தால் அந்தக் கவலையே இல்லை. 2020 இல் வெளிவந்த முதல் தலைமுறை எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றின் வழியாக 4கே 120 ஹெர்ட்ஸ் படம் செல்லும்போது திரை கறுத்துப்போனதும், பின்னர் அதற்குத் தீர்வு தேட வேண்டியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். படத்தின் தரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பொறுப்பை டிவியிடம் விட்டுவிட்டு, ரிசீவரை ஒலிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நீண்டகாலத்துக்கு நல்லது. பழைய ரிசீவர் ஒன்றை யாராவது கைமாற்றிக் கொடுத்தாலும், இ-ஆர்க் இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஜனவரி 13, காலை 8.05

சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிறது, அங்கிருந்து டிவி மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இது கணக்கை மாற்றிவிடுகிறது.

முதலாவது, முதுகுப்பக்க ஸ்பீக்கர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது சேனலை மறந்துவிடலாம்.

இரண்டாவது, சரவுண்ட் ஸ்பீக்கர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரை முன் ஸ்பீக்கர்களை நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சரவுண்டுகளை 100 முதல் 120 பாகையிலும் வைக்கச் சொல்கிறது. 100 பாகை என்றாலே காதுக்குச் சற்றுப் பின்னால் போய்விடும், உங்களுக்கோ பின்னால் சுவர். ஆகவே சோஃபாவின் இரு முனைகளுக்கும் நேர் பக்கத்தில், உட்கார்ந்தவரின் காதைவிட ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். ஓரத்தில் உட்கார்பவரின் காதுக்குள் நேராக ஊதாதபடி எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: பின்சுவரில் தலை சாய்த்து உட்காரும் இடத்தில் தாழ் ஒலி குவியும். 3.5 மீட்டர் அகலத்துக்கு முதல் அறை ஒத்ததிர்வு (சுவர்களுக்கிடையே ஒலி திரும்பத் திரும்ப மோதி வலுக்கும் அதிர்வெண்) 49 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது, 5 மீட்டர் நீளத்துக்கு 34 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் அகலத்துக்குரிய ஒத்ததிர்வுகள் எல்லாமே உச்சத்தில் இருக்கும். அங்கே சப்வூஃபர் கொழகொழவென்று கேட்கும், அந்த மந்தமே ஆண்குரலின் அடிப்பகுதியையும் மூடிவிடும். சோஃபாவை 30 அல்லது 40 சென்டிமீட்டர் முன்னே இழுக்க வழியுண்டா என்று பாருங்கள். எந்த ரிசீவரும் செய்துதராத மேம்பாடு அது, செலவும் இல்லை. முடியாது என்றால், அறைத் திருத்தம், அதாவது அறைக்கேற்ப ஒலியைத் தானே சரிசெய்யும் வசதி, நன்றாக உள்ள ரிசீவராகத் தேட வேண்டும்.

ஆக உங்கள் அறைக்குத் தேர்வை முடிவு செய்யப்போவது வாட்டோ சேனலோ அல்ல, அறைத் திருத்தம்தான்.

ஜனவரி 13, இரவு 10.40

அறைத் திருத்தம் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

ரிசீவரோடு ஒரு சிறு மைக் வரும். நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை ஒலியை எழுப்பி, தூரம், ஒலியளவு, அதிர்வெண்களின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை அளந்து, அதற்கேற்பத் திருத்தம் போடும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஆன்கியோ, பயோனியரின் அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் டிராக் லைவ் என்று பெயர்கள் மாறும். ஒரே பெயருக்குள்ளும் படிநிலைகள் உண்டு. ஆடிஸியில் மல்டிஇக்யூ, அதற்கு மேல் எக்ஸ்டி, அதற்கும் மேல் எக்ஸ்டி32. மேலே போகப்போகத் திருத்தத்தின் நுணுக்கம் கூடுகிறது, அந்த நுணுக்கம் அதிகம் தேவைப்படுவது தாழ் ஒலியில்தான். உங்களுடையதைப் போலச் சுவரை ஒட்டிய இருக்கைக்கு, ஒரு படி மேலான திருத்தம் உள்ள ஏழு சேனல் மாடல், அடிப்படைத் திருத்தம் மட்டும் உள்ள ஒன்பது சேனல் மாடலைவிடக் கண்டிப்பாக நன்றாகக் கேட்கும்.

மைக்கைப் பிடிக்கும் முறையில் பலர் கோட்டை விடுகிறார்கள். கையில் பிடிப்பது, சோஃபாவின் முதுகில் சாய்த்து வைப்பது, குஷன் மேல் கிடத்துவது ஆகிய எல்லாமே தவறான அளவையே தரும். மெத்தைக்கு மிக அருகில் மைக் இருந்தால் உயர் அதிர்வெண் ஒலி அந்த மெத்தையில் பட்டுத் திரும்பி அளவைக் குழப்பும். கேமரா முக்காலி ஒன்றில் மைக்கைப் பொருத்தி, அதன் முனை மேலே பார்க்க, காதின் உயரத்தில், சோஃபாவின் முதுகிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிறுத்துங்கள். மின்விசிறியை அணையுங்கள். அளக்கும்போது அறையில் யாரும் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கக் கூடாது. முதல் இடம் நடு இருக்கை. அடுத்த இடங்களை அதைச் சுற்றி இரண்டு மூன்று கையளவு தூரத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும், அறையின் மூலைக்கெல்லாம் மைக்கைக் கொண்டுபோக வேண்டாம்.

முடிந்ததும் ரிசீவர் என்ன முடிவு செய்தது என்று மெனுவில் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று அது குறித்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, தாழ் ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கர் உருவத்தில் பெரியதா என்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. தாழ் ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பலாமா என்பதுதான் அங்கே கேள்வி. அனுப்பினால் ரிசீவரின் பளு வெகுவாகக் குறைகிறது. சப்வூஃபரின் தூரம் மட்டும் நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைத் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, ஒரு மில்லிவினாடித் தாமதம் என்பது 34 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சமம், ரிசீவர் அந்தத் தாமதத்தைத்தான் தூரமாக எழுதி வைத்திருக்கிறது.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். குவிந்த ஒலியை இந்தத் திருத்தம் குறைக்கும். ஓர் அதிர்வெண் அந்த இருக்கையில் முற்றாக இல்லாமல் போயிருந்தால் அதைக் கொண்டுவர இதனால் இயலாது. அதற்குச் சப்வூஃபரை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 14, காலை 7.15

பேச்சு புரியவில்லை என்று தொடங்கியது இந்த உரையாடல். ஐந்து ஸ்பீக்கர்கள் என்று சொன்னீர்களே, அவற்றில் நடு ஸ்பீக்கர் எங்கே வரும்?

ஜனவரி 14, இரவு 9.30

டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி என்று பதில் வந்திருக்கிறது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த நிலைமை.

படத்தின் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. உறவினர் ஒருவர் வீட்டில், காது சற்று மந்தமான பெரியவர் ஒருவர் இருந்தார். நல்ல ரிசீவர், நல்ல ஸ்பீக்கர்கள் எல்லாம் இருந்தும் ஒவ்வொரு காட்சிக்கும் "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னும் பெரிய ரிசீவர் வாங்குவது பற்றித்தான் வீட்டில் பேச்சு. போய்ப் பார்த்தபோது நடு ஸ்பீக்கர் தட்டின் உட்புறத்தில் ஒரு கையளவு உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில், நேராகத் தரையோடு பேசிக்கொண்டிருந்தது. ஒலி காதுக்கு வருமுன் தட்டின் அடிப்பலகையிலும் மேல்பலகையிலும் பட்டுத் தெறித்தது. ஸ்பீக்கரை முன்னே இழுத்து, அதன் முகம் தட்டின் விளிம்பைவிட அரை விரல் வெளியே நீட்டும்படி வைத்தேன். முன் அடிப்பகுதியில் இரண்டு ரப்பர்த் துண்டுகளைக் கொடுத்து, உயர் ஒலி தரும் சிறு பகுதியான ட்வீட்டர் உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். பிறகு ரிசீவரில் நடுச் சேனலின் அளவை 2 டெசிபெல் ஏற்றினேன். அன்று மாலை முழுவதும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரிசீவர் பேச்சும் அத்தோடு நின்றது.

இது ரிசீவர் தேர்வுக்கு வெளியே உள்ள செய்தி அல்ல. ஒவ்வொரு சேனலின் அளவையும் ரிமோட்டில் எளிதாக, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற முடிகிற ரிசீவராக எடுங்கள். சிலவற்றில் நான்கு மெனுக்களைக் கடந்தால்தான் அந்த இடம் வரும், அப்படியானால் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இன்னொன்று, இரவில் குறைந்த ஒலியில் பார்க்கும்போது பேச்சுக்கு ஏற்ற வால்யூம் வெடிச்சத்தத்துக்குக் கூடிவிடும். இந்த இடைவெளியைச் சுருக்கும் இரவுப் பயன்முறை ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் இருக்கிறது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். குறைந்த ஒலியில் தாழ் ஒலி காதில் அதிகமாகத் தேய்ந்துவிடும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டினார்கள். அதை ஈடுசெய்யத்தான் ஆடிஸி டைனமிக் இக்யூ, ஒய்பிஏஓ வால்யூம் போன்றவை வந்தன. வீட்டில் திரையரங்கின் ஒலியளவில் கேட்காதவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ எல்லாருக்கும், இது மிகவும் பயன்படும் வசதி.

ஜனவரி 16, காலை 8.20

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்று எழுதியிருப்பதால், முதல் நாள் எழுதிய வாட் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும்.

87 டெசிபெல் என்ற உணர்திறன் பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து அளந்ததாக இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு வாட்டுக்கு அது தருவது 84 டெசிபெல்தான்.

அதோடு சராசரி ஒலியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போதாது, உச்சங்களையும் பார்க்க வேண்டும். ரிசீவரின் வால்யூம் 0 (அங்கே அது ஒலியின்மை அல்ல) காட்டும்போது இருக்க வேண்டிய திரையரங்க அளவில், ஒவ்வொரு முதன்மைச் சேனலின் உச்சமும் இருக்கையில் 105 டெசிபெல். வீட்டில் மனிதர்கள் அதைவிட 15 அல்லது 20 டெசிபெல் குறைத்துத்தான் பார்க்கிறார்கள், அப்போது உச்சம் 85 முதல் 90 வரை. மூன்று மீட்டரில் 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு அந்த 90ஐ எட்ட 18 வாட் வேண்டும், உங்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 35 வாட் வேண்டும். அறை தரும் உதவியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

முழுத் திரையரங்க அளவை வீட்டில் எட்டியே தீர வேண்டும் என்று ஒருவர் நின்றால், இதே கணக்கு 8 ஓம் ஸ்பீக்கருக்கே சேனலுக்கு 500 வாட்டைத் தாண்டிப் போகிறது. அங்கே 100 வாட்டும் போதாது, 150 வாட்டும் போதாது. உங்கள் தேவைக்கோ இரண்டுமே தாராளம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த 50 வாட் வித்தியாசம் எதையும் தீர்மானிப்பதில்லை.

4 ஓம் ஸ்பீக்கரில் கவனிக்க வேண்டியது வாட் அல்ல, சூடு. அதே வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் ரிசீவரிலிருந்து போகிறது. 4 ஓம் ஸ்பீக்கரை ஏற்றுக்கொள்ளும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் 4 ஓம் என்று ஓர் அமைப்பு இருந்தால் அது பல ரிசீவர்களில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுதான், ஒலி அதனால் மேம்படாது.

ஜனவரி 16, மதியம் 1.10

மேலே உள்ளதன் தொடர்ச்சி. ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மேலே குறைந்தது ஒரு கையளவு காற்று போக இடம் வேண்டும். வாங்குமுன் தட்டின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். விவரக்குறிப்பில் உள்ள ஆழத்தோடு, பின்னால் எச்டிஎம்ஐ வயர் வளைவதற்கு ஆறேழு சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கி, தட்டின் பின்பலகையை அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 17, இரவு 8.45

வாட் எண்களை எந்த நிபந்தனையில் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பது நியாயமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974 இலேயே இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. பல சேனல் ரிசீவர்கள் வந்தபின் அந்த விதியில் ஓட்டைகள் தெரிந்தன. 2024 இல் அதைத் திருத்தி, வாட் எண் விளம்பரத்தில் இருந்தால் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்குக் குறைவான சிதைவு என்ற நிபந்தனையில் எடுத்த அளவாக அது இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த நாட்டுக்குள்தான் அது செல்லும். ஆனால் கம்பெனிகள் அங்கே வெளியிடும் விவரக்குறிப்பை எங்கிருந்தும் படிக்கலாம். ஒரே மாடல் இரண்டு நாட்டில் இரண்டு எண்ணோடு விற்கப்படுவதை அதில் நேரிலேயே பார்ப்பீர்கள்.

ஜனவரி 19, காலை 9.00

வயர் இழுப்பதைப் பற்றி. சரவுண்ட் வரை பத்து மீட்டர் ஓட்டத்துக்கு 16 கேஜ் செம்பு வயர் போதும், 8 ஓம் ஸ்பீக்கரின் தடையில் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் அது கூட்டுகிறது. உங்களுடையது 4 ஓம் என்பதால் 14 கேஜ் எடுங்கள் (எண் குறைந்தால் வயர் தடிமன்). செம்பு பூசிய அலுமினிய வயரைத் தவிருங்கள்.

வயர் முனையை உரித்தபின் இழைகளை விரலால் இறுக முறுக்குங்கள். முறுக்காமல் செருகினால் ஒரே ஓர் இழை, முடி அளவே இருப்பது, வெளியே துருத்திக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டுவிடும். அமைதியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சத்தமான காட்சி வந்ததும் ரிசீவர் தானே அணைந்துவிடும். ரிசீவர் பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படிப்பட்டவையும் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜனவரி 21, இரவு 10.05

சரவுண்டுக்கு வயர் இழுக்க வீட்டில் எதிர்ப்பு என்கிறீர்கள். அப்படியானால் சவுண்ட்பாரோடு நின்றுவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். முன்னால் மூன்று ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும் வைத்து 3.1 ஆகத் தொடங்குங்கள். சரவுண்ட் இல்லை என்று மெனுவில் சொல்லிவிட்டால், அந்த ஒலியை ரிசீவர் முன் ஸ்பீக்கர்களுக்கே கொடுத்துவிடும். உங்கள் குறை பேச்சுப் புரியாததுதான், அதற்கு வேண்டிய நடு ஸ்பீக்கர் இதிலேயே வந்துவிடுகிறது. சரவுண்டைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சவுண்ட்பாரில் ஏதாவது ஒன்று கெட்டால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். ரிசீவர் அமைப்பில் கெட்டதை மட்டும் மாற்றலாம், நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டு மூன்று ரிசீவர்களின் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும். மீதப்படும் பணத்தை நடு ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் போடுங்கள்.

வீட்டில் எல்லாரும் பயன்படுத்துவார்களா என்பதும் நியாயமான கவலை. சிஇசி என்ற வசதியை டிவியிலும் ரிசீவரிலும் இயக்கிவிட்டால், டிவியின் ரிமோட்டில் ஆன் செய்யும்போதே ரிசீவரும் எழும், அதே ரிமோட்டில் வால்யூமும் மாறும். வாங்குமுன் உங்கள் டிவியோடு அந்த ரிசீவருக்கு இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பயன்படுத்துபவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு வாட்டைவிட இது ஆயிரம் மடங்கு முக்கியம்.

ஜனவரி 24, மாலை 7.30

நீங்கள் சுருக்கி வைத்திருக்கும் இரண்டில், இ-ஆர்க்கும் ஒரு படி மேலான அறைத் திருத்தமும் உள்ள ஏழு சேனல் மாடலையே எடுங்கள். ஒன்பது சேனல் மாடலில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பயன்படாத இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் அவற்றுக்கான எடையும்தான். ஏழு சேனல் மாடலில், வேறு ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் பிரீ-அவுட் முனைகளும் இருப்பதால், என்றாவது கூடுதல் ஆற்றல் வேண்டும் என்று தோன்றினாலும் முன் ஸ்பீக்கர்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 30, காலை 7.40

பெட்டி வந்துவிட்டது, ஆனால் எதைப் போட்டாலும் ரிசீவரின் திரையில் 'ஸ்டீரியோ' என்றே காட்டுகிறது, நடு ஸ்பீக்கர் ஊமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசீவரைத் தொடாதீர்கள். டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், டிஜிட்டல் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருப்பதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள், இ-ஆர்க் என்பதற்குத் தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதையும் இயக்குங்கள். செட்டாப் பாக்ஸின் மெனுவிலும் இதே மாற்றம் தேவைப்படும். அதன்பின் ரிசீவரின் திரையில் டால்பி என்ற பெயர் வர வேண்டும். உண்மையிலேயே இரண்டு சேனலில் மட்டும் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிகளுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் பயன்முறையைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் பேச்சும் அப்போது நடு ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.